முள் தைத்தும் வலிக்காத கால்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்திவந்த மங்கையம்மைக்கு வயது நாற்பத்தைந்து. அவரிடம் சீடராக இருந்த ஆவுடையப்பன் அறுபதைத் தாண்டியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, உடம்பை மறந்து வாழக் கற்க வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். சர்க்கரைக்குச் சாப்பிட்ட மாத்திரையையும் அந்த வேகத்திலேயே நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் மலைப்பாதையில் வெறுங்காலோடு போய்விட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"அம்மா, முள்ளு மேலதான் நடந்தேன். துளி வலிக்கல. நீங்க சொன்ன, உடம்பை மறக்குற அந்த நிலை எனக்கு வந்துட்டு போல."

மங்கையம்மை தரையில் உட்கார்ந்து, "காலைக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

"ஐயோ, நீங்க போயி என் காலை..." அவர் பின்வாங்கினார்.

"காட்டுங்க."

பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலுக்குக் கீழே முள் ஒடிந்து, அந்த இடம் கறுத்துப் போயிருந்தது. நாற்றம் அடித்தது. இன்று நேற்றுக் குத்திய முள் இல்லை அது. மங்கையம்மைக்குக் கண் கலங்கியது. உடனே ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் பேசினார். "சர்க்கரை கண்டபடி ஏறிக் கிடக்கு. அதனாலதான் கால் மரத்துப்போச்சு. கிருமியோட சண்டை போடுற சக்தியும் உடம்புல குறைஞ்சுட்டு. அதான் சின்னப் புண்ணு இப்படிப் பரவியிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா காலையே எடுத்திருக்கணும்."

சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பியது.

புண் ஆறி ஆவுடையப்பன் திரும்பி வந்ததும், காலையில் எல்லோரும் தியானத்துக்கு உட்காரும் நேரத்தில், மங்கையம்மை வெந்நீரும் துணியுமாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் காலுக்குச் சூடு தெரியாது என்பதால், தன் முழங்கையை நீரில் விட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் காலை நீட்டியபடியே புலம்பினார். "உடம்பை மறக்கணும்னு வந்தவன் அம்மா நான். இப்ப விடிஞ்சா மாத்திரை, ஊசி, காலைப் பார்க்கிறதுன்னே பொழுது போகுது. நான் எப்ப தியானம் பண்ண?"

மங்கையம்மை விரலிடுக்கில் இருந்த ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுத்தார்.

"இந்தத் தியானத்தைக் கண்ணைத் திறந்துக்கிட்டுப் பண்ணணும் அண்ணாச்சி. அடுத்த காலைக் கொடுங்க."