காளானடியில் வைத்த முட்டைகள்

மருத மரத்தடி எறும்புகளுக்கு மழை வாசனை எட்டிவிட்டது. ஓடைத் தண்ணீர் வளைக்குள் புகுந்தால் முட்டைகள் அத்தனையும் போய்விடும். மேலே இருந்த மரப்பொந்துதான் பத்திரம். ஆனால் அடிமரமெல்லாம் பிசின். எறும்பு ஏறினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

"நான் பறந்து கொண்டுபோறேன், ராணியம்மா," என்றது உருட்டு என்ற வண்டு.

ஒரு தடவைக்கு ஒரு முட்டை. வண்டு மேலே போய்ப் பொந்தில் வைத்து, இறங்கி வந்து "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அடுத்த எறும்பு முட்டையை நீட்டும். வரிசை நகரவே இல்லை.

"வண்டண்ணே, மேலேயே கல்யாணம் முடிச்சு, குடித்தனம் நடத்திட்டு வர்றீங்களோ?" என்று கேட்டது சுறுக்கி என்ற எறும்பு. வரிசை முழுக்கச் சிரிப்பு.

வண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேருக்குப் பின்னால் ஒரு பெரிய காளான் குடை விரித்து நின்றது. வாங்கிய முட்டைகளை வண்டு அதனடியில் குவிக்கத் தொடங்கியது. 'ஒழிஞ்ச நேரத்துல மேலே ஏத்திக்கலாம். மழை வந்தாலும் குடை இருக்கு' என்று நினைத்துக்கொண்டது. "ஆச்சு, அடுத்தது. ஆச்சு, அடுத்தது."

காளானின் தண்டு அழுகிக் கிடந்தது. வண்டு அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வரிசை ஓடியது. "அடேங்கப்பா! வண்டு இப்ப வண்டியாயிடுச்சு," என்றது சுறுக்கி.

கடைசி முட்டைக்கும் "ஆச்சு" கிடைத்தது. எறும்புகள் வெறுங்கையோடு பக்கத்துப் பாறைமேல் ஏறிக்கொண்டன. வண்டு முட்டைகளை மேலே ஏற்றத் திரும்புமுன் மழை கொட்டியது. முதல் அடியிலேயே காளான் சரிந்தது. ஓடை பொங்கி வந்து வேரடியைத் துடைத்துக்கொண்டு போனது.

மழை விட்டதும் ராணி கேட்டது: "மேலே பிள்ளைங்க நனையாம இருக்காங்களா?"

வண்டு மீசையைத் தொங்கப்போட்டது. "முதல்ல கொண்டுபோன கொஞ்சம்தான் மேலே இருக்கு, ராணியம்மா. மிச்சமெல்லாம் வேருக்குப் பின்னாடி வெச்சிருந்தேன்."

"எல்லாத்துக்கும் ஆச்சுன்னு சொன்னியே."

"எப்படியும் ஏத்திடலாம்னுதான் இருந்தேன்."

ராணி சத்தம் போடவில்லை. "இன்னும் ஆகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே இந்தப் பாறைக்குத் தூக்கிட்டு வந்து, முட்டைங்க மேல படுத்து மறைச்சிருப்போமேப்பா."

சுறுக்கி இறங்கி வேரடிக்கு ஓடியது. ஈர மண்ணை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

வேலை முடியுமுன் சொல்லும் "ஆச்சு", நம்பியவருக்கு மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிடும்.