மூன்று சொம்பு மோர்

"குடிக்கிற தண்ணியைக்கூட நானே பின்னாடி போய் ஊட்டிவிடணும்னா, நான் எங்க போய் முட்டிக்கறது, சாமியம்மா?"

கேட்டவள் அமிர்தவல்லி. ஏரிக்கரை மடத்துக்கு அவள் வர ஆரம்பித்து எட்டு வாரம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு கவலை கொண்டுவருவாள். போன வாரத்துக் கவலை என்ன ஆயிற்று என்று அவளும் சொல்லமாட்டாள், மற்றவர்களும் கேட்கமாட்டார்கள்.

சாமியம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அமிர்தவல்லியைவிடப் பத்து வயது இளையவள். காவி கிடையாது, மாலை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இருந்தாலும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர், தெய்வசிகாமணி. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் தயங்கி நிற்பவர்களை இன்னமும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் காலியா இருக்கு" என்றுதான் அழைப்பார்.

"யாருக்கு ஊட்டணும்?" என்று கேட்டாள் சாமியம்மா.

"என் பொண்ணு இலக்கியாவுக்குத்தான். எட்டாவது படிக்கறா. தண்ணியைக் காய்ச்சி, ஆறவச்சு, ஒரு லிட்டர் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தனுப்பறேன். சாயந்திரம் அப்படியே திரும்பி வருது. மூடி திறந்தாளான்னுகூடத் தெரியல."

"ம்."

"மத்தியானம் ஆனா தலைவலி. கிளாஸ்ல பெஞ்சுமேல கவிழ்ந்து படுத்துக்கறாளாம். போன மாசம் ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுதா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கறதுகூட இல்லையான்னு டாக்டரம்மா எனக்கு டோஸ் விட்டாங்க பாருங்க, காதுல கேக்க முடியல. மாத்திரை போட்டா சரியாகுது. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா மறுபடி வந்துடுது. கணக்குல எழுபது வாங்கினவ, இப்ப இருபத்தெட்டு."

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டா 'ஒண்ணுமில்லம்மா'ங்கறா. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதானே தெரியும்?"

அமிர்தவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் பாதியில வீட்டுக்கு வந்தான்னா, நாளையிலேருந்து பள்ளிக்கூடமே வேணாம்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான். காலையில அழ அழ இழுத்துட்டுப் போய் விட்டுட்டு, நேரா இங்க வர்றேன். நானும் ஏழாவதோட நின்னவ, சாமியம்மா. இவளும் நின்னுட்டான்னா..."

சாமியம்மா தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர் ஒரு பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கக்கா."

அமிர்தவல்லி குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்ட மோர். தொண்டைக்கு இதமாக இருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் சாமியம்மா.

மறுக்க மனம் வராமல் அதையும் குடித்தாள்.

"பள்ளிக்கூடத்துல ஏதோ குழுவுல இருக்கறதாச் சொன்னீங்களே?"

அமிர்தவல்லியின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"பள்ளி மேலாண்மைக் குழு. நான்தான் தலைவி. ஏழாவது படிச்சவளைப் போய்த் தலைவியாக்கிட்டாங்கன்னு முதல்ல சிரிச்சாங்க. இப்ப யாரும் சிரிக்கறதில்ல. சுவத்துக்கு வெள்ளையடிச்சோம். முப்பது வேப்பங்கன்னு நட்டோம், இருபத்திரண்டு பிழைச்சிருக்கு. சத்துணவுக்கு வர்ற அரிசியை மாசம் ரெண்டு அம்மாமாருங்க போய்ப் புடைச்சுக் கொடுத்துட்டு வர்றோம். எல்லாத்தையும்விட, பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கக்கூஸ் கட்டினோம் பாருங்க! நாலு அறை. வெள்ளை டைல்ஸ். குழாய், வாளி, கண்ணாடி, எல்லாம் உண்டு."

"நல்ல காரியம்."

"அதுக்காக நான் ஏறாத படி இல்ல. அரிசி மில்லுக்காரர் வீட்டுக்கு ஒன்பது தடவை நடந்தேன். ஏன் தெரியுமா? எங்க காலத்துல கருவேல மரத்து மறைவுதான். ரெண்டு பேரைக் காவலுக்கு நிறுத்திட்டுப் போவணும். பெரியவளான பிறகு அது என்னால முடியல. வீட்டுல, படிப்பு வரல, நின்னுட்டான்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டோமே என்று அவசரமாக மேலே போனாள்.

"கட்டி ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் வந்து பாருங்க, இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். சனிக்கிழமை சனிக்கிழமை நானே போய்க் கழுவறேன். சாவியும் என்கிட்டதான்."

முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

"எப்பத் திறப்பீங்க?"

"அதிகாரிங்க வந்தாத் திறப்பேன். ஆண்டு விழாவுக்குத் திறப்பேன். பிள்ளைங்க கையில விட்டா ஒரே வாரம், நாசம் பண்ணிடுங்க. ஒன்பது தடவை நடந்தது நான்தானே?"

"பிள்ளைங்க எங்க போகும்?"

"பழையது ஒண்ணு இருக்கே. கதவுக்குத் தாழ்ப்பாள்தான் இல்ல. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளியில பிடிச்சுக்கணும். எதிர்த்தாப்ல பசங்க கிளாஸ் ஜன்னல். மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல."

சாமியம்மா தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு திருகு திருகிக் காட்டினாள்.

அவர் விழித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகக் கொல்லைப் பக்கம் போனார்.

"என் பொண்ணுக்கு என்ன செய்யறது, சாமியம்மா?"

"சொல்றேன். இதைக் குடிங்க."

மூன்றாவது சொம்பு வந்தது.

சாமியம்மா எழுந்து கீரைப் பாத்திக்குக் களை எடுக்கப் போய்விட்டாள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு புல்லாகப் பிடுங்கினாள்.

அரை மணி போயிற்று. முக்கால் மணி போயிற்று.

அமிர்தவல்லி காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி மாற்றினாள். எழுந்தாள். தூணுக்குத் தூண் நடந்தாள். கடைசியில் தெய்வசிகாமணியிடம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, கொல்லையில கக்கூஸ்..."

"இருக்கும்மா. பூட்டியிருக்கு."

"பூட்டா? போன வாரம் திறந்துதானே கிடந்தது?"

"இப்பப் பூட்டியிருக்கு. பெரிய மனுஷங்க வந்தாத்தான் திறக்கறது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பழையது ஒண்ணு ஏரிப் பக்கம் இருக்கு. மூணு பக்கம் ஓலைத் தட்டி. கதவு இல்ல. நூறு நாள் வேலைக்காரங்க எதிர்லதான் மண்ணு வெட்டிட்டு இருக்காங்க. நான் வேணா காவலுக்கு நிக்கட்டுமா?"

"நல்லா நின்னீங்க போங்க!"

"அப்ப அடக்கிக்கிட்டு உக்காரும்மா. அடுத்த பஸ் பன்னிரண்டுக்குத்தான்."

அமிர்தவல்லி போய் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாமியம்மா கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் அமர்ந்தாள். அவள் கையில் கடலை மடித்து வந்த தாள் ஒன்று இருந்தது. ஏதோ பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம்.

"இதைப் படிச்சு என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்கக்கா. அப்புறம் உங்க பொண்ணுக்கு வழி சொல்றேன்."

"இப்பவா?"

"இப்பதான்."

அமிர்தவல்லி தாளை வாங்கினாள். செடியின் வேர் மண்ணிலிருந்து நீரை எப்படி உறிஞ்சுகிறது என்பது பாடம். முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி போய்விட்டது. திரும்பவும் படித்தாள். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துதான். வீட்டில் காலண்டர் தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள்.

"என்ன போட்டிருக்கு?"

"வேரு... வேரு தண்ணியை..."

"தண்ணியை?"

"இருங்க." மூன்றாம் தடவை படித்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "ஏற மாட்டேங்குது, சாமியம்மா."

"ஏழாவது வரைக்கும் படிச்சவங்கதானே? இது ஆறாவது பாடம்தான்."

"படிப்பு தெரியாம இல்ல. நான் உக்காந்திருக்கற இருப்புல..."

"முதுகு வளையுதே. நிமிர்ந்து உக்காந்து கவனமாப் படிங்க."

அமிர்தவல்லிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நிமிர முடியவில்லை. நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. தாளை மடியில் போட்டுவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"தலை வலிக்குதாக்கா?"

"ஆமா."

"வெயில்தான் காரணம். இன்னும் ஒரு சொம்பு மோர் குடிச்சா விட்டுடும்."

தெய்வசிகாமணி சொம்பை நீட்டினார்.

"வேணாம்!" அமிர்தவல்லி இரண்டு கையாலும் சொம்பைத் தள்ளினாள். "ஒரு சொட்டுகூட வேணாம். இனி வாயில படாது!"

தள்ளிய கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

ஏரிப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாமியம்மா" என்றாள் அமிர்தவல்லி. அது அவள் குரல் மாதிரியே இல்லை. "அவ என்கிட்டச் சொல்லலையே."

"பூட்டினது யாரு?"

அமிர்தவல்லியின் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று.

சாமியம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"முதல்ல போயிட்டு வாங்கக்கா."

அமிர்தவல்லி கொல்லைப் பக்கம் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி மெல்லச் சொன்னார்: "முப்பது வருஷ சர்வீஸ்ல எந்தப் பயணியையும் நான் இப்படி வதைச்சதில்ல, சாமியம்மா."

"மாட்டுக் கொட்டகைப் பூட்டை எடுத்த இடத்துல கொண்டுபோய் மாட்டுங்க" என்றாள் சாமியம்மா.

திரும்பி வந்த அமிர்தவல்லி உட்காரவில்லை. வழி என்ன என்று கேட்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். தெய்வசிகாமணி விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்ததில் பன்னிரண்டு மணி பஸ் மடத்து எதிரிலேயே நின்றது.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

வாசல் கேட்டுக்கு உட்புறம் இலக்கியா நின்றிருந்தாள். முதுகில் புத்தகப்பை. ஒரு கை நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பிவிட்டவளின் நிற்பு அது. அம்மாவைக் கண்டதும் பயந்து ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள்.

அமிர்தவல்லி அவளைத் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தைக் குறுக்காகக் கடந்து நடந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பூட்டைத் திறந்தாள். நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்துவைத்தாள். வெள்ளை டைல்ஸ் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. குழாயைத் திருகிப் பார்த்தாள். தண்ணீர் வந்தது.

சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தூரத்தில் நின்றார்கள். கிட்டே ஒருத்தியும் வரவில்லை.

கையில் ஈரத்தட்டோடு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது:

"அத்தே, இன்னைக்கு யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

"அப்புறம் ஏன் திறந்திருக்கீங்க?"

"நீங்க போறதுக்குத்தான்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரும் அசையவில்லை.

அமிர்தவல்லி பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் இந்த வாசலில் நின்று எத்தனை பிள்ளைகளை விரட்டியிருக்கிறாள்.

இலக்கியா அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தோளிலிருந்து புத்தகப்பையைக் கழற்றினாள்.

"இதைக் கொண்டுபோய் என் பெஞ்சுல வச்சிடும்மா" என்றாள். "அடுத்த பீரியடு கணக்கு."