பசை போட்டு ஒட்டுன நாவல்

ஒரு ஊர்ல ஒரு போஸ்டர் ஒட்டுறவரு இருந்தாரு. பேரு வெள்ளப்பாண்டி. ஏலே, "ம்" கொட்டு. இல்லாட்டி செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு எனக்கு. ம், அப்படி.

அவருக்கிட்ட இருந்தது ஒரு சைக்கிள், ஒரு பசை வாளி, ஒரு தொடப்பம். மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தத்தைப் போட்டு, சளப்புன்னு செவுத்துல ஒரு இழுப்பு. போஸ்டரை வச்சு மேல சளப்புன்னு இன்னொரு இழுப்பு. சினிமாப் போஸ்டர், கல்யாணப் போஸ்டர், காதுகுத்துப் போஸ்டர்னு எல்லாம் ஒட்டுவாரு. ஆனா அதிகமா ஒட்டுனது என்ன தெரியுமா? கண்ணீர் அஞ்சலி! ஊர்ல யாரு கண்ணை மூடுனாலும் எமனுக்கு அடுத்தபடியா அவருக்குத்தான் சேதி போகும்.

அவருக்கு ஒரே மக, உலகம்மா. வீட்ல உலகுன்னு கூப்பிடுவாங்க. ஆறாப்பு படிச்சா. கதைன்னா பிள்ளைக்கு உசுரு. ஆனா அந்த வயசு இருக்கே, அது ரெண்டுங்கெட்டான் வயசு. படக்கதையைக் குடுத்தா "இது பாப்பாவுக்கு"ன்னு தள்ளிருவா. பெரியவங்க நாவலைத் தொட்டா நாலு பக்கத்துல கொட்டாவி வந்துரும். அப்போதான் அந்த ஊர் லைப்ரரிக்குப் புதுசா வந்தாங்க எஸ்தர் அக்கா. "உன்னை மாதிரி நடுவாந்தரப் பிள்ளைகளுக்குன்னே நாவல் இருக்கு, வாடி"ன்னு ஒரு அலமாரியைத் திறந்துவிட்டாங்க. "முதல்ல இதைப் படி. சனிக்கிழமை வந்து மத்த பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லணும், சரியா?"

உலகு புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடியாந்தா. அப்பா பாத்தாரு.

"என்னட்டி அது?"

"நாவல்ப்பா."

"நாவலா!" அவருக்கு நெஞ்சு தடக்குன்னு ஆயிருச்சு. "அடி ஆத்தி! நாவல் படிச்சா பொம்பளப்பிள்ளை கெட்டுல்ல போகும்! இங்க குடு. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் தருவேன்."

அம்மா இருந்திருந்தா ஒரு அதட்டுப் போட்டிருப்பா. ஆனா அம்மா செண்பகம் அவ பிறந்த ஊருக்குப் போயிருந்தா. "தாத்தா வீட்ல வெள்ளையடிக்காங்க, ஒத்தாசைக்குப் போயிருக்கா"ன்னு அப்பா சொல்லிவச்சிருந்தாரு. வெள்ளையடிக்க இத்தனை நாளாப்பான்னு உலகு கேட்டா. "பெரிய வீடுல்லா"ன்னாரு. பெரிய வீடாம்! நாலு எட்டு வச்சா பின்வாசல் வந்துரும் அந்த வீட்டுக்கு.

அப்புறம் வெள்ளப்பாண்டி வேலை இல்லாத மத்தியானமெல்லாம் மரத்து நெழல்ல சைக்கிளைச் சாச்சுட்டு, விரலை வச்சு எழுத்துக்கூட்டி அந்த நாவலைப் படிச்சாரு. காதல் கீதல் ஒண்ணும் இல்ல. புத்தகத்தை மககிட்ட குடுத்தப்போ கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாச் செவந்து கெடந்துச்சு.

"என்னப்பா ஆச்சு?"

"தூசி விழுந்துருச்சு. நல்ல புத்தகந்தான். படி."

சனிக்கிழமை வந்துச்சு. உலகு எந்திரிச்சு நின்னு கதை சொன்னா. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரு ஓட்டைத் தோணி, நடுக்கடல், பேய்க்காத்து. "பெரிய அலை வந்துச்சு, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கதை முடிஞ்சுது."

கொல்லுன்னு ஒரு சிரிப்பு! ஏற்கெனவே படிச்ச பிள்ளைக கத்துச்சுக. "அண்ணன் முங்கிச் செத்துப்போயிருவான்ல! தம்பி மட்டுந்தான் கரைக்கு வருவான்!"

"இல்லவே இல்ல! நான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்!"

"பாதிக்கதை! பாதிக்கதை!"ன்னு அன்னைலேருந்து அவளுக்குப் பேரு வச்சுட்டுதுக. பிள்ளை மொகம் சுண்டிப் போச்சு.

என்னலே? அப்பாதான் ஒட்டிட்டாரா? அட முந்திரிக்கொட்டை! கதை நான் சொல்றேனா, நீ சொல்றியா? ம் கொட்டு.

அப்புறம் எஸ்தர் அக்கா, பாவம் பிள்ளைன்னு, இன்னும் ரெண்டு நாவலைச் சேத்துக் குடுத்தாங்க. அப்பா அதையும் வாங்கிக்கிட்டாரு. ரெண்டாவது நாவல் ஒரு கெழட்டு யானை கதை. யானை கோயில் மண்டபத்துல படுத்துக் கெடக்கு, பாகன் தடவிக் குடுக்கான். அடுத்த பக்கத்தைத் திருப்புனா பாகன் தன்னந்தனியா பஸ்ல ஏறிப் போயிட்டிருக்கான்!

"அப்ப யானை எங்கட்டி?"ன்னு பிள்ளைக கேட்டதும் உலகு முழிச்சா. "அது... காட்டுக்குப் போயிருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. லைப்ரரியே குலுங்குச்சு. அப்போ எஸ்தர் அக்காவுக்குச் சந்தேகம் தட்டி, புத்தகத்தை வாங்கி டரக் டரக்குனு புரட்டுனாங்க. ஒரு தாளு மட்டும் அட்டை கணக்கா வெறைச்சு நிக்குது. நகத்தை விட்டு நெம்புனாங்க. அசையல. மூக்குல வச்சு மோந்து பாத்தாங்க.

"ஐயையோ! பசை! நாலு தாளை ஒண்ணா வச்சு ஒட்டிருக்கு! யாரு செஞ்ச அநியாயம் இது? லைப்ரரிப் புத்தகம்டீ!"

உலகுவும் மோந்து பாத்தா. அவ்வளவுதான், தலையில இடி விழுந்த மாதிரி நின்னுட்டா. அது அவ அப்பா வேட்டி வாடை. அப்பாவா! அப்பாவா இந்தக் காரியம் பண்ணுனாரு?

"நீயா ஒட்டுனே?"ன்னு அக்கா கேட்டாங்க.

பெத்தவரைக் காட்டிக் குடுக்க மனசு வருமா? "ஆமாக்கா, நாந்தான்"ன்னுட்டா.

எஸ்தர் அக்கா வாயில கையை வச்சுட்டாங்க. "நீயா! நீயாடி! சரி, அந்த மூணாவது புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்துரு. அப்புறம் இந்தப் பக்கமே வராத."

உலகு அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடுனா. மூணாவது நாவல் அப்பா பையில இருந்துச்சு. எடுத்துப் பாத்தா, யம்மா! முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சந்தான் புத்தகம். நடுவுல எல்லாம் ஒரே கட்டியா, செங்கல்லு மாதிரி. அப்படிப் போட்டு ஒட்டிருக்காரு மனுசன்!

அப்போ பிள்ளைக்கு ஒரு யோசனை. இட்லிப் பானையில தண்ணியை ஊத்தி அடுப்புல வச்சா. கொத கொதன்னு கொதிச்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு. அதுல புத்தகத்தைக் காட்டிக் காட்டி, பூ மாதிரி ஒவ்வொரு தாளா உரிச்சா. உரிச்சு, அங்கனயே உக்காந்து படிச்சா.

அது ஒரு தாத்தா, பேத்தி கதை. ரயில்ல ஊர் ஊராப் போய் வளையல் விக்கிறவங்க. தாத்தாவுக்கு இருமல் வருது. பேத்தி என்ன தாத்தான்னு கேட்டா, கூட இருக்கிறவங்க "ஒண்ணுமில்ல, சளிதான், நீ போய்த் தண்ணி பிடிச்சுட்டு வா"ன்னு அனுப்பிவிடுறாங்க. அவ தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள தாத்தா போயிட்டாரு.

உலகு தேம்பித் தேம்பி அழுதா. அப்புறம் அழுகை டக்குன்னு நின்னு போச்சு. கடல் கதையில ஒட்டுனது அண்ணன் செத்தது. யானை கதையில ஒட்டுனது யானை செத்தது. இதுல தாத்தா செத்தது. அதைத்தான் செங்கல்லு கணக்கா ஒட்டிருக்காரு. ஏன்? வெள்ளையடிக்கப் போன அம்மா ஏன் இன்னும் வரல?

அந்த நேரம் அப்பா வாளியோட உள்ள வந்தாரு. மக கையில உரிச்ச புத்தகம்! அடுப்புல ஆவி!

"அப்பா, எங்க தாத்தாவுக்கு என்ன?"

டமார்னு வாளி கீழ விழுந்துச்சு. பசை வீடெல்லாம் ஓடுச்சு. அந்த மனுசன் அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு.

"தாத்தாவுக்கு முடியலம்மா. ஆஸ்பத்திரில கைவிட்டுட்டாங்க, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. பச்சப்பிள்ளை பயந்துருவேன்னுதான்..." வாயைப் பொத்திக்கிட்டாரு. "ஊர்ல எத்தனையோ பேருக்கு ஒட்டிருக்கேன். எங்க மாமாவுக்கு ஒட்டணும்னு நெனச்சா வாளியைத் தொடவே பிடிக்கல தாயி."

உலகுக்கு வந்துச்சு பாரு கோவம்! "இந்தக் கதையில தண்ணி பிடிக்க அனுப்புனாங்க, அந்தப் பிள்ளை தாத்தாவைக் கடைசியாப் பாக்கவே இல்ல. என்னையும் அப்படி ஆக்கப் பாத்தியேப்பா! நான் பாக்க வேண்டாமா? எந்திரி!"

வெள்ளப்பாண்டி ஆடிப் போயிட்டாரு. எந்திரிச்சாரு.

போற வழியில லைப்ரரி. உள்ள போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "பிள்ளை ஒட்டல தாயி. நாந்தான் ஒட்டுனேன்"ன்னு நடந்ததைச் சொன்னாரு. எஸ்தர் அக்கா, "என்னது!"ன்னு எந்திரிச்சே விட்டாங்க. அப்புறம், "புத்தகம் கெடக்குது, முதல்ல பஸ்ஸைப் பிடிங்க! போங்க, போங்க!"ன்னு வெரட்டிவிட்டாங்க.

முதல் பஸ் படிக்கட்டு வரைக்கும் சனம், நிக்காமப் போயிருச்சு. ரெண்டாவது பஸ் பாதி வழியில டப்புன்னு டயர் வெடிச்சு நின்னுருச்சு. அப்புறம் ஒரு வாழைக்காய் வண்டிக்காரரு, கையைக் காட்டுனதும் நிறுத்தி ஏத்திக்கிட்டாரு. கடகட கடகடன்னு அந்த வண்டி குலுங்குன குலுக்கல்ல, வாழைத்தாருக்கு நடுவுல உக்காந்து உலகு மிச்சக் கதையையும் படிச்சு முடிச்சா.

தாத்தா வீட்டுக்குப் போனா, வீடு நெறைய சொந்தக்காரங்க. அத்தனை பேரு மொகத்துலயும் ஒரு சிரிப்பு, கண்ணுல மட்டும் சிரிப்பு இல்ல. கட்டில்ல தாத்தா கிழிஞ்ச நாராக் கெடந்தாரு. "ஒண்ணுமில்ல மாமா, வெறும் வாயுதான். நாளைக்கு எந்திரிச்சு நடப்பீக"ன்னு உலகோட அத்தை விசிறிக்கிட்டிருந்தா. பிள்ளையைப் பாத்ததும் அம்மாவுக்குப் பகீர்னு ஆயிருச்சு. "இவளை ஏன் கூட்டியாந்தீக!"

தாத்தா கண்ணைத் திறந்தாரு. "உலகா? வா தாயி. கையில என்ன?"

"கதைப் புத்தகம் தாத்தா. ஒரு தாத்தாவும் பேத்தியும் ரயில்ல வளையல் விக்கிற கதை."

"அப்படியா? அந்தத் தாத்தா என்ன ஆனாரு?"

விசிறி நின்னு போச்சு. அம்மா தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம்ங்கா. அத்தை உலகு தொடையைப் பிடிச்சுக் கிள்ளுறா. தாய்மாமா ஒத்த விரலை வாயில வச்சு மெரட்டுறாரு. உலகு அப்பாவைப் பாத்தா. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"செத்துப் போயிட்டாரு தாத்தா."

"ஐயோ பாவி!"ன்னு அத்தை கத்துனா. மாமா கையை ஓங்கிட்டாரு.

ஆனா தாத்தா சிரிச்சாரு! ஆமாலே, சிரிச்சாரு. "அடிக்காதலே அவளை. இத்தனை பேரு இருக்கீக, ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரல. வாயுவாம் வாயு! சாகப் போறவனுக்குத் தெரியாதா?" எல்லாருக்கும் தூக்கி வாரிப் போட்டுச்சு. மனுசன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, சொல்லி அழக்கூட ஆள் இல்லாமத் தனியாக் கெடந்திருக்காரு! அம்மா ஓன்னு அழுது அவரு கால்ல விழுந்துட்டா.

தாத்தா உலகு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "சரி, அந்தப் பேத்தி என்ன ஆச்சு?"

"ரொம்ப அழுதா தாத்தா."

"ம். அப்புறம்?"

"அப்புறம் வளையல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த ரயில்ல ஏறிட்டா."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா தாத்தா."

"அப்பச் சரி"ன்னாரு தாத்தா.

என்னலே, இன்னும் முழிச்சுக்கிட்டா இருக்கே? உலகோட தாத்தாவா? ஆமாய்யா, செத்துப் போயிட்டாரு. உன்கிட்ட நான் எதுக்கு ஒட்டி மறைக்கணும்? எல்லாரும் கிட்ட இருந்தாங்க, உலகு கை அவரு கைக்குள்ளயே இருந்துச்சு. அழணும்னா கொஞ்சம் அழுதுக்கோ, நான் இங்கதான் இருக்கேன். கதை அது வீட்டுக்குப் போயிருச்சு, நீ உன் தூக்கத்துக்குப் போ.