மிச்சமிருந்த இடம்

"செத்துப்போன புரோகிராமுக்கெல்லாம் நாம ஏன் சோறு போடணும், டீச்சர்?" என்று கேட்டார் அறவாழி.

கேள்வியில் கோபம் இருந்தது. இருக்காதா பின்னே. மாதக்கணக்கில் மெனக்கெட்டு எழுதியதை நஸீமா ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருந்தார்.

நஸீமா ஒரு சி லைப்ரரியை, அதாவது சி மொழியில் எழுதி எல்லா புரோகிராம்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பார்த்துக்கொள்பவர். கணினியில் எந்தப் புரோகிராமும் மணி கேட்பதென்றாலும், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்குவதென்றாலும் அந்த லைப்ரரி வழியாகத்தான் போக வேண்டும். அறவாழி அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஆனாலும் வேலை பழகுவது அவரிடம்; சிஷ்யர் சிஷ்யர்தான்.

சாக்கெட் என்ற வாசல் வழியாக வந்து சேரும் செய்தியோடு, கேட்டால், அது வந்த நேரமும் சேர்ந்து வரும். அந்தக் காலத்தில் நேரத்துக்குச் சின்ன இடம்தான் ஒதுக்கினார்கள். 2038இல் அது நிரம்பிவிடும். அதனால் அறவாழி சின்ன நேரத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பெரிய நேரத்தை வைத்தார்.

புது புரோகிராம்கள் ஜோராக ஓடின.

ஒரு மீன்பிடித் துறைமுகத்தில், அலை பெரிதானால் சங்கு ஊதி எச்சரிக்கும் பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. அது மட்டும் சின்ன நேரத்தையே எதிர்பார்த்து, பெரிய நேரத்தைத் தாறுமாறாகப் படித்து, வந்த செய்தியெல்லாம் என்றைக்கோ வந்தது என்று ஒதுக்கிவிட்டது. சங்கு ஊதவில்லை. நல்லவேளை, அது அறவாழி எழுதியதை வைத்துப் பார்த்த ஒத்திகைதான்; அதைப் பார்த்துத்தான் நஸீமா திருப்பி அனுப்பினார்.

அந்தப் பழைய புரோகிராமை எழுதிய கம்பெனி மூடியாயிற்று. திருத்தி எழுத ஆளில்லை. புதுசு வாங்கிக்கொள்ளட்டுமே என்பது அறவாழியின் கட்சி.

நஸீமா வாதாடவில்லை. பழைய புரோகிராம்களுக்காக விட்டுவைத்திருந்த வழிகளையெல்லாம் அடைத்து ஒரு லைப்ரரி செய்து, அறவாழியின் கணினியில் போட்டுக் கொடுத்தார்.

"இதோட கொஞ்ச நாள் இருங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணும் குறையலைன்னா, நீங்க எழுதினதை அப்படியே சேர்த்துடறேன்."

கணினி ஜம்மென்று எழுந்தது. எல்லாம் ஓடியது. அறவாழிக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருக்கும் அக்காவுக்கு எழுத உட்கார்ந்தார். தமிழில் அடிக்கும் புரோகிராம் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

அது கல்லூரி நாளில் அவருடைய நண்பன் தாவீது எழுதிக் கொடுத்தது. அறவாழியின் விரல் எங்கே போகுமோ அங்கே எழுத்தை வைத்திருப்பான். வேறு எதில் அடித்தாலும் அவர் கோழி கொத்துவது போல ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பார்.

தாவீது இப்போது இல்லை. அவன் எழுதிய மூல நிரலும் எங்கே போனதென்று தெரியாது. அறவாழி எத்தனையோ கணினி மாற்றிவிட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எப்படி ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு யோசித்தார்.

லைப்ரரி மாறும் ஒவ்வொரு முறையும், தாவீது என்று ஒருவன் இருந்ததே தெரியாத யாரோ, அவனுக்கும் வழி விட்டுப் போயிருக்கிறார்கள்.

அறவாழிக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாளே புதிதாக எழுத ஆரம்பித்தார். பழைய நேரம் பழைய இடத்திலேயே இருக்கும். அதற்குப் பின்னால், புரோகிராம் ஒதுக்கிய இடத்தில் மிச்சமிருந்தால் பெரிய நேரம் அங்கே உட்காரும். இல்லாவிட்டால், இடம் போதவில்லை என்று ஒரு குறி மட்டும்.

நஸீமா வரி வரியாகப் படித்தார். துறைமுகத்தில் மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். சங்கு ஊதியது.

"சேர்த்துடலாம்ணே," என்றார் நஸீமா. "யார் சரி பண்ணினதுன்னு துறைமுகத்துல சொல்லிடவா?"

"வேண்டாம் டீச்சர்," என்றார் அறவாழி. "எனக்கு யாரு சொன்னாங்க?"