ஒரு சுழி குறைந்தால்

முன்னொரு காலத்தில், மழை எட்டிப் பார்க்காத மேடூர் நாட்டைக் கொக்கரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஒருநாள் வெயிலில் அவன் வழுக்கை சுட்டது. அண்ணாந்து பார்த்தான். ஒற்றை மேகம் ஒன்று சும்மா நின்றது.

"அதைக் குத்திக் கிழிக்க ஒரு வாணம் செய்யும், மந்திரி!"

மந்திரி ஆவுடையப்பர் வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி மூன்றையும் அரைத்து மூங்கில் குழாயில் இடித்து நிரப்பினார். பற்றவைத்தால் புகைந்ததே தவிர எழும்பவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு குழாயின் நடுவே ஒரு மரக்குச்சியை நிறுத்தி, அதைச் சுற்றி மருந்தை இடித்துக் குச்சியை உருவிவிட்டார். அந்த வாணம் வேலி தாண்டிப் பறந்தது.

அதேபோல் இன்னொன்று செய்து சபைக்குக் கொண்டுவந்தார். மந்திரி நாற்காலிமேல் நெடுநாளாய்க் கண் வைத்திருந்த தளவாய் சண்டமாருதர் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"மோசம் போனோம், மகாராஜா! நடுவே வெறும் ஓட்டை! அங்கிருந்த மருந்தை மந்திரி களவாடிவிட்டார்!"

"மருந்தைத் தின்றீரா, ஆவுடையப்பரே?"

"தின்றிருந்தால் இந்நேரம் நானல்லவா மேகத்தில் இருப்பேன்?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "நாளை ஆளுக்கொரு வாணம் விடுங்கள். தோற்றவருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை ஊர்வலம்!"

ஆவுடையப்பர் ஊர்வலம் போகும் தெருக்களை எண்ணிப் பார்த்தார். புள்ளியைக்கூடத் தாங்கலாம். ஊர்வலம் சம்பந்தி வீட்டு வாசல் வழியாக அல்லவா போகும்!

மறுநாள் தளவாய் தம் வாணத்தை ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்து வந்தார். பற்றவைத்ததும் அது 'உஸ்' என்றது. தும்மியது. சாய்ந்து படுத்துக்கொண்டது.

"ஏனய்யா, தூங்குகிறதா?"

"தவம் செய்கிறது, மகாராஜா."

அடுத்து மந்திரியின் வாணம். 'சர்ர்ர்' என்று ராஜாவின் தலைப்பாகையையும் கொத்திக்கொண்டு மேகத்துக்குள் மறைந்தது. சற்றுப் பொறுத்து வழுக்கையில் ஒரு துளி விழுந்தது. அது மழையா, காக்கையா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

"நிறைந்தது படுத்தது, குறைந்தது பறந்ததே! எப்படி?" என்றான் ராஜா.

"கெட்டியாய் அடைத்தால் நெருப்பு வாயை மட்டும் நக்கும், மகாராஜா. ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்து நீளம் முழுக்க ஒரே மூச்சில் பற்றும். அரிச்சுவடியே சொல்கிறதே! வாணத்துக்கு மூன்று சுழி, வானத்துக்கு இரண்டு. நடுவிலே ஒரு சுழியை எடுத்தால்தானே வாணம் வானத்தைத் தொடும்?"

ராஜா குலுங்கிச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "தளவாயே, உமது தலையும் இடமில்லாமல் அடைத்த வாணம்தான். ஏறும் கழுதைமேல்!"

ஊர்வலம் வந்தபோது ஆவுடையப்பர் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை எந்த ஊர்?" என்றார் கண் மங்கிய சம்பந்தி.

அதற்கப்புறம் மேடூரில் யாராவது எல்லாம் தெரிந்ததாய்ப் பேசினால், "ஐயா, நடுவிலே ஒரு சுழியைக் குறையுங்கள்" என்பார்களாம்.