எட்டாம் வகுப்பு வாங்கிய கோப்பை

கடலோர மணல்மேட்டில் இருந்தது அந்தச் சின்ன ஆசிரமம். ஒரு குடிசை, வருகிறவர்கள் தங்க ஒரு கொட்டகை, அவ்வளவுதான். குருவம்மாவைத் தேடி ஒரு சாயங்காலம் சற்குணம் வாத்தியார் வந்து சேர்ந்தார். பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் இருந்தன. குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

குருவம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடம் லீவா?"

"எனக்கு மட்டும் லீவு, அம்மா. இனிமே போறதா இல்லை. இங்கேயே இருந்துக்கிறேன்."

"கொட்டகை காலியாத்தான் கிடக்கு. என்ன ஆச்சு?"

சற்குணம் மணலில் உட்கார்ந்தார்.

"கடல் எல்லாருக்கும் ஒண்ணு. இங்கே நாம எறியிற பாட்டில் வேற நாட்டுக்காரன் வாசல்ல போய் ஒதுங்கும். அவனும் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான். வருஷம் முழுக்க இதைத்தான் நடத்தினேன். நல்லாத் தலையாட்டினாங்க. ஒரு பிள்ளையும் குனிஞ்சு ஒரு பாட்டிலை எடுக்கலை. சரின்னு, அதிகமா பாட்டில் கொண்டுவர்ற வகுப்புக்குக் கோப்பைன்னு அறிவிச்சேன்."

"வந்துதா?"

"மலையா வந்துது. எட்டாம் வகுப்பு ஜெயிச்சுது. கோப்பையும் குடுத்தாச்சு. அப்புறம்தான் பார்த்தேன், எல்லாம் புத்தம்புதுசு. உள்ளே ஈரம்கூடக் காயலை. பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரம் ஒரே சேறு. கடையில தண்ணி பாட்டிலைப் பெட்டி பெட்டியா வாங்கி, தண்ணியைக் கீழே கொட்டிட்டு, வெறும் பாட்டிலைக் கொண்டாந்திருக்காங்க."

குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சற்குணம் சிரிக்கவில்லை.

"ஏன்னு கேட்டேன். லீடர் பிள்ளை ராஜகனி எழுந்து, 'நீங்க பாட்டில்தானே சார் கேட்டீங்க'ங்கறா. கோப்பையைத் திருப்பி வாங்கிட்டேன். அன்னையிலிருந்து நான் உள்ளே போனா எழுந்து நிக்கிறாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்றாங்க. உக்கார்றாங்க. முன்னெல்லாம் போர்டுல நான் தப்பா எழுதினா வகுப்பே கூச்சல் போடும். இப்போ அந்தத் தப்பையும் அப்படியே எழுதிக்கிறாங்க."

குருவம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். இருவரும் அலையோரமாக நடந்தார்கள். கரையில் வேறு ஆள் அரவம் இல்லை. ஓரிடத்தில் பாசி படிந்த பாட்டில் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. குருவம்மா அதை எடுத்து நீட்டினார்.

"இது என்ன எழுத்து?"

"தெரியலை. எந்த தேசமோ."

"எறிஞ்சவர் மேலே கோபம் வருதா?"

"முகம் தெரியாத மனுஷன். என்ன அவசரத்துல போட்டாரோ."

"பிள்ளைங்க மேலே?"

சற்குணம் நடையை எட்டிப் போட்டார்.

"கோப்பை எதுக்கு வச்சீங்க?"

"வைக்கலைன்னா யாரும் கரைக்கு வர மாட்டாங்க."

"வராட்டி?"

"நான் ஒருத்தனேதான். ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன், அம்மா. பள்ளிக்கூடம் விட்டதும் சாக்கை எடுத்துக்கிட்டுப் பாட்டில் பொறுக்கக் கரைக்குப் போவேன். டியூஷனுக்குப் போற பிள்ளைங்க கொஞ்சம் நின்னு பார்ப்பாங்க. அப்புறம் போயிடுவாங்க." அவர் குரல் இறங்கியது. "தனியா அங்கே நிக்க முடியலை."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எதை?"

"தனியா நிக்க முடியலைன்னு."

சற்குணம் நின்றுவிட்டார்.

"ஒரு வாத்தியார் அதை எப்படிம்மா சொல்றது?"

குருவம்மா பாட்டிலைக் கவிழ்த்து உள்ளிருந்த மணலைத் தட்டினார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் யாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்க," என்றார். "இந்தப் பக்கம் சாக்கோட நின்னவர் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், வாத்தியாரே?"