பூசணிப் பூ சூரியனை வாசலில் உட்காரவைத்த கதை

அந்தக் காலத்தில், கொடியும் பூவும் சாணி உருண்டையும்கூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு மார்கழியில் சூரியனுக்குக் கோபம் வந்துவிட்டது. தெற்கே நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டே இருந்தான். பகல் சுருங்கி, விடிந்த கையோடு இருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

மருதாயிக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. அதன் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. "இளவெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி போய்விட்டாள். காட்டுவதற்கு வெயில் எங்கே இருக்கிறது?

மங்கலாக எட்டிப் பார்த்த சூரியனை ஒரு நாள் அவள் மறித்தாள். "ஐயா, என் பிள்ளைக்காகவாவது கொஞ்சம் நில்லுங்கள்."

"சித்திரையில் என்னைப் 'பாழாய்ப் போகிறவன்' என்று வைதது யார்?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். வைதது உண்மைதான்.

"நெல் காயணும், வடகம் காயணும், துணி காயணும். வேலைக்குத்தானே கூப்பிடுகிறீர்கள்? 'வாங்க, உட்காருங்க' என்று ஒருவராவது சொன்னதுண்டா? நான் வரும்போது ஊரே இழுத்துப் போர்த்தித் தூங்குகிறது. நாளைக்கு ஒரு நாள் வருவேன். பிறகு கடலுக்கு அந்தப் பக்கம்தான்."

அவன் போனதும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, அழாதே" என்று குப்பைமேட்டிலிருந்து ஒரு குரல். பூசணிக் கொடியில் மறுநாள் மலரவிருந்த மொட்டு அது. ஆண் பூ, காய்க்காது. மணமும் கிடையாது, அதனால் யாரும் தலையில் வைத்ததில்லை. "என்னையும் எவரும் வாசலுக்கு அழைத்ததில்லை. அவர் மனசு எனக்குத் தெரியும். விடியுமுன் என்னைப் பறித்து வாசலில் வை."

"பறித்தால் வாடிவிடுவாயே!"

"கொடியில் இருந்தாலும் உச்சிப்பொழுதுக்குள் வாடத்தான் போகிறேன். ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு வாடுகிறேனே!"

இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள் மருதாயி. நடுவில் வைத்த பூ நிற்காமல் சாய்ந்தது.

"என் தலையில் ஏறிக்கொள், தம்பி" என்றது வாசல் தெளித்ததில் மிஞ்சிய சாணி உருண்டை. "நாற்றம் போகப் போகப் பழகிவிடும்."

"எனக்குத்தான் மூக்கே இல்லையே, அண்ணே!"

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அன்றுதான் மருதாயி சிரித்தாள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான் சூரியன். விளக்கேற்றிய வாசல். கோலத்தின் நடுவே தன் நிறத்தில் விரிந்த ஒரு முகம்.

"யாரடா அது, என் ஜாடையில்?"

"வாங்க, உட்காருங்க" என்றது பூ. "ஒரு வேலையும் இல்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கலாம்."

சூரியன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பின் சூடு குழந்தையின் மேனியெல்லாம் பரவியது. பேச்சு நீண்டது. பூவுக்கு இதழ் சுருளத் தொடங்கியதும் சூரியன் பதறினான். "நாளைக்கு இருப்பாயா?"

"நான் இருக்க மாட்டேன். என் தம்பி மலர்வான். அவனோடு பேசுங்கள்."

பூ வாடிய பிறகும் கிளம்ப மனமில்லாமல் சற்று நேரம் நின்றான். மறுநாளும் வந்தான், முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டு. தை பிறப்பதற்குள் குழந்தை தேறிவிட்டது. அதன் மஞ்சளையெல்லாம் பூ வாங்கிக்கொண்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். வாடிய பூவோடு சாணியைத் தட்டிக் காயவைத்து, அந்த எருவை எரித்துத்தான் மருதாயி சூரியனுக்குப் பொங்கல் வைத்தாள்.

அன்று முதல்தான் மார்கழி வாசலில் பூசணிப் பூ வீற்றிருக்கிறது. பேச்சு முடியாத சிநேகிதன் கிளம்பத் தயங்குவதைப் போல, பகல் எள்ளளவு எள்ளளவாய் நீளத் தொடங்கியதும் அன்று முதல்தான்.